வண்டி முதலில் நின்ற இடம்

ஓடும் வாகனத்தில் ஒருவர் இறந்துபோனால், அந்த வாகனத்தின் பொறுப்பில் இருப்பவர், வாகனம் முதலில் நிற்கும் இடத்தில் அந்த இறப்பைத் தெரிவிக்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு விதிகளில் இப்படி ஒன்று உண்டு. தெளிவான விதி. எழுதியவர் யாரோ நல்ல மூளைக்காரர். மோட்டார், ரயில், படகு எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்பது வண்டி ஓட்டுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை.

நினைவு மலரை விதியிலிருந்து தொடங்குவதா என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு விதமாகத் தொடங்கிப் பழக்கமில்லை. அண்ணா காலமாகி ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். சாந்தமானவர் என்பார்கள். மன்னி போன பிறகு புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்பார்கள். முதலாவது சரி. இரண்டாவதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது மட்டாஞ்சேரியில், பாலஸ் ரோட்டுக்குப் பின்புறம், நாங்கள் கடைசி வரை குடியிருந்த அதே வீட்டில். அப்பா பாலக்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்து, எண்ணெய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதினவர். அண்ணா பள்ளிக்கூடம் முடிக்கும் வருடம் அப்பா போய்விட்டார். அண்ணா அதோடு படிப்பை நிறுத்திவிட்டு, எதிரே துறைமுகத்துத் தீவான ஐலண்டில் ஒரு தேயிலைக் கிடங்கில் சேர்ந்தார். தினமும் காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு, சாயங்காலம் திரும்பப் படகு. நான் பி.ஏ. வரை போனேன். நான் படித்ததெல்லாம் அவர் படிக்காமல் விட்டது.

மன்னி திருப்பூணித்துறைக்காரர். இருவருக்கும் குழந்தை இல்லை. அதற்கு உறவினர்கள் சொன்ன பரிகாரங்களையெல்லாம் செய்திருந்தால் அவர்களுக்கு வேறு எதற்கும் நேரம் இருந்திருக்காது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

கிடங்கில் அண்ணாவின் வேலை, மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் தேயிலைப் பெட்டிகளைச் சரிபார்ப்பது. பெட்டியின் மேல் எஸ்டேட்டின் பெயர் கறுப்பு மையில் இருக்கும். பெட்டியில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார். எந்த எஸ்டேட் எத்தனை உயரத்தில் இருக்கிறது, எதன் இலை மழைக்காலத்தில் மணம் குறையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான்.

"சஹஸ்ரநாமம் மாதிரி தினம் இத்தனை பேர் சொல்றேளே, இதுலே ஒரு மலையையாவது கண்ணாலே பார்த்திருக்கேளா?" என்று மன்னி கேட்பார்.

"எஸ்டேட் மலை மேலே இருக்கு, ஆபீஸ் கடலோரம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"ரிட்டயர் ஆகுங்கோ. பின்னே பார்த்துக்கறேன்."

மன்னிக்கு மலை இரண்டாம்பட்சம். அவர் பார்க்க விரும்பியது ஏரி. மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைச் சுற்றி எங்கும் தண்ணீர், அத்தனையும் உப்பு. குழாயில் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தே மன்னியின் பாதி ஆயுள் போயிற்று. "சுத்திலும் இத்தனை வெள்ளம் இருந்து ஒரு வாய் குடிக்கப் பத்தலை. குடிக்கற வெள்ளம் அத்தனையும் ஒரே இடத்திலே நிறைஞ்சு கிடக்கறதை ஒரு தரம் பார்க்கணும்" என்பார். மூணாறு தாண்டி ஆனையிறங்கலில் மலைகளுக்கு நடுவே அப்படி ஓர் ஏரி இருப்பதாகக் கிடங்கில் லாரிக்காரர்கள் சொல்லி, அண்ணா வீட்டில் வந்து சொல்லியிருந்தார்.

அண்ணா ஓய்வு பெற்ற சமயத்தில், கம்பெனி மானேஜர் ஊரை விட்டுப் போகும்போது தன் பழைய ஹெரால்ட் காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஐலண்டின் காலி ரோடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி டிரைவர் அண்ணாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1975 ஜனவரியில் அண்ணாவும் மன்னியும் கிளம்பினார்கள். மூணாறில் தங்கி, மறுநாள் ஆனையிறங்கல் ஏரி, மலையிறங்கி மதுரை, திரும்பும்போது தேக்கடி வழியாக வீடு. என்னை அழைக்கவில்லை. அழைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

நான் கார் கதவருகில் நின்றுகொண்டு என் கடமையைச் செய்தேன். "லைசென்ஸ் இருக்கா? ஆர்.ஸி. புக்? டாக்ஸ் அடைச்ச ரசீது? எல்லையிலே கேப்பா."

"எல்லாம் இருக்கு. உன்னோட ரூல் புஸ்தகம் மட்டும்தான் இல்லை. அதையும் டிக்கியிலே போட்டுடட்டுமா?" என்றார் மன்னி.

"ஆலுவா தாண்டினா அண்ணாவுக்கு ஹாரன் அடிக்கக்கூட கை வராது, மன்னி."

"வராட்டா என்ன? நான் தலையை வெளியிலே நீட்டிக் கத்தறேன்."

அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் என்ஜின் அணைந்துபோயிற்று. இரண்டாம் தடவை கிளம்பிப் போனார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது அண்ணா சொல்லி நான் அறிந்தது. பல வருடங்களில் பல தடவை சொன்னார். ஒரு தடவையும் மாற்றிச் சொன்னதில்லை.

மூணாறு போகும் வழியெல்லாம் அண்ணா எஸ்டேட் பலகைகளைப் பார்த்து, "இது நம்ம பெட்டி! இதுவும் நம்ம பெட்டி!" என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஓரிடத்தில் இறங்கி, மன்னி ஓர் இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்து பார்த்தார். "பச்சிலை வாசனையாக்கும் அடிக்கறது. இதுக்கா இத்தனை வருஷம் படகு ஏறினேள்?" என்றாராம். அன்றிரவு குளிரில் இரண்டு புடவையைச் சுற்றிக்கொண்டு தூங்கினார்.

காலையில் கிளம்பும்போது மன்னிக்கு நெஞ்சு கரித்தது. முதல்நாள் ஓட்டல் சப்பாத்திதான் காரணம் என்று அவரே முடிவு செய்தார். அண்ணா வண்டியை ஓரம் கட்டட்டுமா என்று கேட்டதற்கு, "இங்கே என்ன இருக்கு, மூடல் மஞ்சு. ஏரிக்கிட்டே நிறுத்துங்கோ" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மலையைக் குடைந்து போட்ட ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் மேகம். அண்ணா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், கண்ணில் பட்டதையெல்லாம் மன்னிக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மன்னி "ஊம்" கொட்டிக்கொண்டு வந்தார்.

ஏரி வந்தது. மூடுபனி விலகியிருந்தது. பின்னால் ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று ஹாரன் அடித்து நெருக்கியது, ஒதுங்க இடமில்லை. அண்ணா வேகத்தை மட்டும் குறைத்து, "ஏரி, பார்த்தியா? மேலே நல்ல இடம் வரும், அங்கே நிறுத்தறேன்" என்றார். மன்னியின் முகம் தண்ணீர்ப் பக்கம் இருந்தது. "ஊம்" என்று கேட்டதா இல்லையா? இதுதான் அண்ணாவுக்குக் கடைசி வரை நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த "ஊம்" ஏரிக்கு முன்னால் வந்ததா, ஏரியில் வந்ததா?

நல்ல இடம் வரவில்லை. மாநில எல்லைச் சாவடி வந்தது. வண்டி நின்றது. காவலர் குனிந்து உள்ளே பார்த்து, "அம்மா தூங்குறாங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமாம். மெதுவாப் பேசுங்கோ" என்றார் அண்ணா.

காவலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சத்தம் வராமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். அண்ணா மலையிறங்கும் வளைவுகளில், மதுரையில் எந்தக் கோபுரத்தை முதலில் பார்ப்பது என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார். மன்னி தூங்கினாலும் பேச்சு காதில் விழும் என்பது அவர் நினைப்பு. அடிவாரத்து ஊரில் ஒரு காபிக்கடை. டம்ளரை எடுத்துக்கொண்டு மன்னியின் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, எழுப்புவதற்காகக் கையைத் தொட்டார்.

அந்த ஊர் டாக்டர், "நேரமாச்சுங்க ஐயா. மலை மேலயே முடிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்குத் தந்தி வந்தது. மன்னி காலமானார், காரியம் இங்கேயே, வராதே, சொன்ன நாளில் திரும்புவேன். அண்ணா சொன்ன நாளில் திரும்பினார். இடையில் அவர் செய்ததுதான் நம் உறவினர்கள் இன்றும் பேசிக்கொள்வது. அந்த ஊர் ஆற்றங்கரையில் தகனம் செய்து, மறுநாள் அஸ்தியைக் கலசத்தில் எடுத்துக்கொண்டு, அண்ணா மதுரைக்குப் போனார். தீட்டோடு கோயிலுக்குள் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால் கலசத்தை மன்னி உட்கார்ந்த இடத்தில் வைத்து, நான்கு மாசி வீதிகளிலும் காரை மெதுவாக ஓட்டினார். இரண்டாம் சுற்றில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"யாரைங்க தேடுறீங்க?"

"யாரையும் தேடலை. கோபுரம் காட்டிண்டிருக்கேன்."

"யாருக்கு?"

அண்ணா பக்கத்து இருக்கையைப் பார்த்தார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். பிறகு அவரே நடுரோட்டில் இறங்கி, ஒரு ஜட்காவை நிறுத்தி, அண்ணாவின் காருக்கு வழி விட்டார்.

தேக்கடி வழியாகத்தான் திரும்பினார், ஏரிக்குப் போகவில்லை. "அது அவ கேட்ட ஏரி இல்லை" என்றார்.

ஆலுவா மணப்புறத்து ஆற்றில் அஸ்தியைக் கரைத்தோம். பதிமூன்று நாளும் வீடு நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் பேசினார்கள். "பொணத்தோட மலை இறங்கியிருக்கான், அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்று ஒருவர் கூடத்திலேயே கேட்டார். அண்ணா அவருக்கு இன்னொரு தடவை மோர் ஊற்றினார். காரியம் செய்துவைத்த வாத்தியார் மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டார்: "திதி மாறின நாளாக்கும் அது. உயிர் போன நேரம் என்ன?"

"தெரியலையே."

"உமக்குத் தெரியவந்த நேரம்?"

அண்ணா சொன்னார். "அப்போ துவாதசி. தெரியாததுக்கு, தெரிஞ்ச நேரம்தான் நேரம்" என்று வாத்தியார் முடித்துவிட்டார். சாஸ்திரத்துக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. இரண்டு மாநில அரசுகளுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

ரேஷன் கார்டில் மன்னியின் பெயரை நீக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் அடிவாரத்து அலுவலகத்துக்கு எழுதினேன். இறப்பு மலை மேல் நடந்தது என்று டாக்டரே எழுதிவிட்டார், ஆகவே எங்களுடையதல்ல என்று பதில் வந்தது. மலை மேல் இருந்த பஞ்சாயத்துக்கு நேரிலேயே போனேன்.

"பாடி இவிடே இறக்கியோ, சாரே?" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"இல்லை."

"பின்னே எங்ஙனே இவிடே மரிச்சு?"

நான் விதியைச் சொன்னேன். "ரூல் எனக்கும் அறியாம் சாரே" என்று அவர் சிரித்தார். "முதல்லே நின்ன ஸ்தலம். மரிச்சதுக்கப்புறம் முதல்லே நின்ன ஸ்தலம். சாவடிக்கு முன்னே மரிச்சால் எங்களோடது. சாவடி கழிஞ்ஞு மரிச்சால் தமிழ்நாடு. எப்போ மரிச்சுன்னு சேட்டன்கிட்டே கேட்டோ?"

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவர் சொன்னது சட்டப்படி சரி என்பதும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, இறந்த இடம் எல்லைச் சாவடி என்று விண்ணப்பத்தை எழுதி அண்ணாவிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

"சாவடியிலே அவ இருந்தாளா போயிட்டாளான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்."

"இது கவர்மெண்ட் பேப்பர், அண்ணா. ஏதாவது ஒரு இடம் வேணும்."

"எனக்கும் ஒரு இடம்தான் வேணும். ஏரியை அவ பார்த்தாளா இல்லையா? அதை யாராவது சொல்லட்டும், எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

அந்தக் காவலரைத் தேடினோம். மாற்றலாகிப் போயிருந்தார், எங்கே என்று சொல்ல அந்த இலாகாவில் ஆள் இல்லை.

மறு வருடம் ஒரு நாள் அண்ணா காரைத் துடைத்துக் கிளம்பினார். இந்தத் தடவை என்னை அழைத்தார். ஏன் என்று வண்டி ஆனையிறங்கலை நெருங்கும்போதுதான் தெரிந்தது.

"தலையைக் கண்ணாடியிலே சாய்ச்சுக்கோ. அப்படி இல்லை, இன்னும் குறச்சுக் கீழே. அவ உயரத்துக்கு வா."

நான் நிலவரிக் கணக்கு எழுதும் வயதான மனிதன். மன்னியின் இடத்தில், மன்னியின் உயரத்துக்குக் குறுகி, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணா அதே வேகத்தில் ஓட்டினார்.

"தெரியறதா?"

"மரம் மறைக்கறது. நடுநடுவிலே தெரியறது."

"வெள்ளம் தெரியறதா?"

"தெரியறது. நிறைய."

"அப்போ பார்த்திருப்பா."

"கண் திறந்திருந்தா" என்றேன்.

அண்ணா கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். சாவடியில் வேறு காவலர் இருந்தார். அவர் உள்ளே குனிந்து பார்க்கவே இல்லை.

மனுக்களை நான் தொடர்ந்தேன். அண்ணா கையெழுத்திடக் கூடிய விதமாக, நடந்ததை நடந்தபடி எழுதி, இடம் எதுவென்று தீர்மானிக்கும் பொறுப்பை மேலதிகாரிகளுக்கே விட்டு, தலைநகரத்துக்கு அனுப்பினேன். வருடம் கடந்துவிட்டதால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்றார்கள். வாங்கினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். இடையில் நானே ஓய்வு பெற்று, அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கம் மனுவோடு நிற்கும் மனிதனாகிவிட்டேன்.

முறைப்படி நன்றியுரை கடைசியில் வர வேண்டும். கடைசியில் சொல்ல வேண்டியது வேறு இருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் காபிக்கடையை மூடிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல், மன்னிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மதுரைப் போலீஸ்காரருக்கும். சான்றிதழ் இல்லாமல் பெயரை நீக்கவும் முடியாது, இல்லாதவருக்கு அரிசி கொடுக்கவும் மனமில்லை என்று, ஒவ்வொரு மாதமும் அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு எங்களுக்கு எடை போட்ட ரேஷன் கடைச் சேட்டனுக்கும். அண்ணாவின் கடைசி மாதங்களில் தினமும் வந்து பார்த்த எதிர்வீட்டுக் கொங்கணி டாக்டருக்கும், கஞ்சி அனுப்பிய அவர் மனைவிக்கும்.

அந்த மாதங்களில் அண்ணாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. சாயங்காலம் மட்டும் வாசலில் நின்றிருந்த காரில் போய் உட்காருவார். கார் ஓடுவதை நிறுத்தி நாளாயிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். அவர் பக்கத்து இடத்தில் நான் உட்காருவதில்லை. பின் இருக்கையில் உட்காருவேன். இருட்டினதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வருவோம். போன வருடம் அப்படி வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை இடம், நேரம் எதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாளே பதிவு செய்துவிட்டேன். இப்போது வீட்டில் நான் ஒருவன். இரண்டு ஆழாக்கு அரிசியை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கொட்டுகிறேன்.

தலைநகரத்திலிருந்து பதில் வந்தது அண்ணா போவதற்கு முந்தின வருடம், கர்க்கடக மாதத்து அடைமழையில். தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தும் உறையின் ஓரம் நனைந்திருந்தது. உள்ளே மலைப் பஞ்சாயத்து பதிவு செய்து கொடுத்த சான்றிதழ். நான் முத்திரை, கையெழுத்து, எண் எல்லாவற்றையும் பார்த்து, பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு அண்ணாவிடம் கொடுத்தேன். அவர் நேராக இறந்த இடம் என்ற வரிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஓடிண்டிருந்த வண்டியிலேன்னு போட்டிருக்கா."

"ஆமாம். இன்ன இடம்னு தெரியாட்டா அப்படித்தான் போடுவா."

"அது எங்கேர்ந்து எதுவரைக்கும்?"

"வண்டி கிளம்பினதுலேர்ந்து நின்ன வரைக்கும்."

"மூணாறிலேர்ந்து சாவடி வரைக்கும். வழி பூரா."

"பூரா."

அண்ணா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏரியும் அதுலே வரதோடா?"

விதியில் ஏரியைப் பற்றி ஒன்றும் இல்லை. விதியில் இல்லாத ஒன்றுக்கு என் ஊழியக் காலம் முழுவதும் நான் ஆம் என்று சொன்னதில்லை.

"வரது, அண்ணா" என்றேன்.

"அப்போ போரும்" என்றார் அவர். அன்று 1984 ஜூலை பதினேழு, செவ்வாய்க்கிழமை.